நாலாம் மாடியில் அவள் சொன்னது

லிஃப்ட்காரருக்குப் பொறாமைக் குணம் எப்போது வந்தது என்று அவருடைய அம்மாவிடம் கேட்டால், தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே என்பார். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து பார்த்தால், பெரியவன் காலை மடக்கிக்கொண்டு அதற்குள் ஏறிப் படுத்திருந்தானாம். குழந்தையை ஒன்றும் செய்யவில்லை. ஓரமாக நகர்த்திவிட்டு இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டான்.

வளர்ந்து ஆளாகி, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சேர்ந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் குணம் அப்படியேதான் இருந்தது. யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை. ஆனால் கூட வேலை பார்க்கிறவனுக்குப் புது டார்ச் கொடுத்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. தம்பி வண்டி வாங்கினால் இவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம் டாக்டர், "உங்க வயசுக்கு இதயம் ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டார். கேள்விப்பட்ட மறுநாளே இவரும் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தார். "எனக்கும் நல்லா இருக்குன்னுதான் சொன்னார்," என்றார் வீட்டில். "ரொம்பன்னு சொல்லல."

அவர் மனைவி திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்த்தாள். ஊரார் வீடுகளுக்குப் போய் ஜன்னல் அளவெடுத்து வந்து, துணி வெட்டி, மடிப்பு வைத்து, கொக்கி மாட்டிக் கொடுக்க வேண்டும். அதிகம் பேச மாட்டாள். பல வருஷம் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே தைத்ததில், ஊசி இல்லாத நேரத்திலும் வாய் மூடியே பழகிவிட்டது என்று அவர் கேலி செய்வார். அதற்கும் அவள் "ம்" என்பாள். அவர் எவ்வளவு பெரிய வேடிக்கை சொன்னாலும் அந்த ஒரு "ம்" தான்.

கல்யாணமான புதிதில் அவர்கள் லாரிகள் போகும் பெரிய சாலையில் ஒரு மூலை வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்தார்கள். அந்த வீட்டை அவரே அலைந்து திரிந்து பிடித்தார். இரண்டு பக்கமும் ஜன்னல், பால்கனி. தம்பி அப்போது ஒற்றை அறையில் இருந்தான். அவனை டீ குடிக்கக் கூப்பிட்டு, குடித்து முடிக்கிறவரை பால்கனியிலேயே நிற்க வைத்த நாள் அவர் வாழ்க்கையில் நல்ல நாட்களில் ஒன்று. மகள் பிறந்ததும் அந்த வீட்டில்தான். குழந்தைக்கு அடிக்கடி இழுப்பு வரும். மூச்சு விட முடியாமல் விலா எலும்பு உள்ளே போய் வரும்போது அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். பிறகு மனைவி, கடைக்கு நடந்து நடந்து கால் வலிக்கிறது, பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்று ஆரம்பித்தாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை என்பதால் அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. ஒரு சந்துக்குள், பால்கனி இல்லாத கீழ்த்தள வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்கு இழுப்பு மெல்ல மெல்ல நின்றது. வயது ஏற ஏறச் சரியாகிவிடும் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார் அல்லவா என்று அவர் நினைத்துக்கொண்டார். மகள் வளர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். ஆனாலும் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவர் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: "உன் கடைக்காக நான் மூலை வீட்டை விட்டவன்." அவள் பதில் சொன்னதே இல்லை.

அப்படிப்பட்டவளை ஒரு டாக்டரம்மா பேசுவதற்கென்றே கூப்பிட்டார் என்றால் அவர் எப்படி நம்புவார்?

அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்த லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் ஒரு குதி குதித்து நின்றது. கேட்கக் கேட்க அவருக்குப் பல் கூசியது. எழுந்து போய், அதைப் பராமரிப்பது யார் என்று காவலாளியிடம் விசாரித்து, அந்தக் கம்பெனியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்குள் மனைவியின் பக்கத்து நாற்காலியில் டாக்டரம்மா உட்கார்ந்து பேசி முடித்து எழுந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் விவரம் சொன்னாள். பிள்ளைகளுக்கு வரும் மூச்சுத்திணறல் பற்றி ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. ஆஸ்பத்திரிக் கணினியில் எந்தக் குழந்தை எப்போது வந்தது என்று இருக்கிறது, வீட்டு முகவரியும் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு, முகவரியை ஒரு குறியீட்டு எண்ணாக மாற்றிவிட்டு, அந்த வீடு எந்தச் சாலையோரம், அங்கே எவ்வளவு புகை, எவ்வளவு ஈரம் என்பதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். மக்களுடைய விவரம் என்பதால் மக்களையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டுமாம். எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக் கூடாது, தெரிந்ததை ஊருக்கு எப்படிச் சொல்வது என்று பேச ஒரு குழு. மாதம் ஒரு சனிக்கிழமை.

"உன்னையா கூப்பிட்டாங்க?"

"காத்திருந்தவங்க எல்லாரையும் கேட்டாங்க. பிள்ளைக்கு இழுப்பு இருந்த வீட்டு ஆளா வேணுமாம்."

"எனக்கும்தான் பிள்ளை. என்னைக் கேட்டாங்களா?"

"நீங்க அங்க இல்லையே. லிஃப்ட்டைப் பார்க்கப் போயிட்டீங்க."

அந்த லிஃப்ட்டை அவர் அன்று சபித்ததுபோல் எந்த லிஃப்ட்டையும் சபித்ததில்லை. பிறகு வேறு வழியில் வந்தார். "முகவரிய வச்சு விளையாடறது நல்லதில்ல. நாளைக்கு நம்ம வீட்டு வாசல்ல எவன் வந்து நிப்பான்னு யாருக்குத் தெரியும்?"

"அதைத்தான் கேட்கப் போறேன்," என்றாள் அவள். கேட்கவும் செய்தாள். முதல் கூட்டம் முடிந்து வந்து, குறியீட்டை வீட்டோடு பொருத்தும் பட்டியல், அதைச் சாவி என்பார்களாம், வேறொரு அலுவலகத்தில் பூட்டியிருக்கும், ஆராய்ச்சி செய்கிறவர்கள் கைக்கே வராது என்று விளக்கினாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவருக்கு முகவரி பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. அவள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது.

அதன்பிறகு கூட்டம் நடந்த ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அவள் பேச்சு வழியாக வீட்டில் புதுப் புது ஆட்கள் நடமாட ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா இப்படிச் சொன்னார், பூக்கடைப் பெண் அப்படிக் கேட்டாள். எல்லோரையும்விட அதிகம் வந்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர்.

"ரயில்காரர் இன்னைக்கு ஒண்ணு சொன்னார்," என்று காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள் ஒருநாள். "பேரே இல்லாம எங்களைப் பத்தி என்ன தெரிஞ்சுக்குவீங்கன்னு பூக்கடைப் பொண்ணு கேட்டுச்சு. அதுக்கு இவர் சொல்றார், 'நான் இத்தனை வருஷம் ரயில் ஓட்டினேன், ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாதும்மா. ஆனா எந்த ஸ்டேஷன்ல ஜனங்க வண்டி கிளம்புற நேரத்துக்குத்தான் ஓடி வருவாங்கன்னு நல்லாத் தெரியும்'னு." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். கத்தி பலகையில் நின்றுவிட்டது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் லிஃப்ட்காரர்.

அன்றிலிருந்து அந்த ரயில்காரர் அவர் வயிற்றில் குடியேறினார். ஆள் எப்படி இருப்பார்? உயரமா? முடி இருக்கிறதா? நேராகக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. "அங்க எல்லாரும் வயசானவங்கதானே?" என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். "கலந்து இருக்காங்க," என்றாள். கலந்து என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தார். தானும் வேடிக்கையாகப் பேசிப் பார்த்தார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒரு வக்கீல் கதவுக்கு நோட்டீஸ் அனுப்புவேன் என்று கத்திய கதையைச் சாப்பாட்டு நேரத்தில் அவிழ்த்துவிட்டார். அவள் "ம்" என்றாள்.

அடுத்த கூட்ட நாளில் அவளைப் போகவிடாமல் செய்ய, தம்பி குடும்பத்தை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டு, காலையில்தான் சொன்னார். அவள் சமைத்து மூடி வைத்தாள், தட்டுகளை எடுத்து அடுக்கினாள், புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர்தான் பரிமாறினார்.

"அண்ணி பெரிய குழுவுல இருக்காங்களாமே," என்றான் தம்பி. "டாக்டருங்களே யோசனை கேட்கிறாங்களாம்."

தம்பி மனைவிக்கு முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. "எங்க தெருவுலயும்தான் புகை வருது. எங்களை யாரும் கேட்கல," என்றாள்.

அதைக் கேட்டதும் லிஃப்ட்காரருக்குள் என்னவோ நிமிர்ந்தது. "எல்லாரையும் எடுத்துட மாட்டாங்க," என்றார். "நம்ம வீட்ல இருக்கறவங்களுக்கு விஷயம் புரியும்னு பார்த்துத்தான் எடுத்திருக்காங்க." முகவரி எப்படிக் குறியீடாக மாறுகிறது, சாவி எங்கே பூட்டியிருக்கிறது என்று தானே குழுவை நடத்துகிறவர்போல் விளக்கினார். அவர்கள் போகிறவரைக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தித் திரும்பியபோது, சுவர்க் கடிகாரத்தில் கூட்டம் நடக்கிற நேரம். ரயில்காரர் இப்போது என்ன சொல்லிக்கொண்டிருப்பாரோ என்று மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது.

குழு கூடியது ஆஸ்பத்திரியில் அல்ல, ஆராய்ச்சிக்கான தனிக் கட்டடத்தில். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டைப் பராமரிப்பது தங்கள் கம்பெனிதான் என்று அவருக்குத் தெரியவந்தபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்து வேலை மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் சக தொழிலாளியுடையது. மொட்டையிடம், கதவு உருளை மாற்ற இந்தச் சனிக்கிழமை தானும் துணைக்கு வருவதாகச் சொன்னார்.

"சனிக்கிழமை உங்களுக்கு லீவாச்சே அண்ணே."

"வீட்ல சும்மா உக்கார்ந்து என்ன பண்ணப் போறேன்?"

மனைவியிடம், ஒரு துணிக்கடையில் அவசர வேலை என்று சொன்னார். இதுவரை அவளிடம் சொன்ன பொய்களில் அதுதான் கொஞ்சம் பெரிது.

கட்டடத்தின் நாலாம் மாடியில், லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே ஒரு கூடம். அங்கேதான் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலை நடக்கிறது என்ற பலகையைத் தரைத்தளத்தில் வைத்துவிட்டு, மொட்டை மேலே மோட்டார் அறைக்குப் போனான். லிஃப்ட்காரர் கூண்டின் கூரை மேல் நின்றுகொண்டு, அந்தக் கூரை நாலாம் மாடித் தரைக்கு அரை ஆள் உயரம் கீழே வரும்படி நிறுத்தச் சொன்னார். சாத்திய கதவு அவர் முகத்துக்கு நேரே இருந்தது. உருளையைக் கழற்றுகிற சாக்கில் காதை ஒட்டி வைத்தார். இருட்டில், எண்ணெய் வாடையில், கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

முடிவுகளை மக்களுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைய பேச்சு. புகை அதிகமுள்ள தெருக்களில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் ஒரு அறிக்கை அனுப்பலாம் என்பது டாக்டரம்மாவின் யோசனை.

"அனுப்புங்க," என்றது ஒரு கனத்த குரல். அதுதான் ரயில்காரர் என்று லிஃப்ட்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தெரிஞ்சதை மறைக்கறது தப்பு. சிக்னல் சிவப்பா இருந்தா, ஓட்டறவன் மனசு கஷ்டப்படுமேன்னு பச்சைய காட்டுவாங்களா?"

சிலர் சிரித்தார்கள். பிறகு அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று, ஆனால் வீட்டில் கேட்டிராத நிதானத்தோடு பேசியது.

"நான் ஒண்ணு சொல்லலாமா? எங்க பொண்ணு பிறந்தப்ப நாங்க லாரி ரோட்டுல இருந்தோம். ஜன்னல் கம்பிய காலைல துடைச்சா சாயங்காலம் கறுப்பா இருக்கும். மத்த வீடுகளுக்கு நான் தைச்ச திரைய துவைச்சா தண்ணி அழுக்காகும், என் வீட்டுத் திரைய துவைச்சா மை மாதிரி வரும். அப்பவே எனக்கு மனசுல பட்டுடுச்சு, பிள்ளைக்கு இந்த வீடு ஆகலைன்னு. ஆனா அந்த வீட்டை என் வீட்டுக்காரர் ஆசை ஆசையா பிடிச்சார். அதுல அவருக்கு அவ்வளவு பெருமை. உங்க வீடுதான் பிள்ளைய இப்படி ஆக்குதுன்னு எப்படிச் சொல்றது? கடை தூரமா இருக்கு, கால் வலிக்குதுன்னு சொல்லி வீடு மாத்த வச்சேன். எனக்குக் கால் வலிச்சதே இல்ல."

டம்ளரைத் தூக்கி அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு முகவரியையும் யாரோ ஒருத்தர் ஆசைப்பட்டுத்தான் பிடிச்சிருப்பாங்க. கதவுக்கு அடியில தள்ளிவிட்ட தாள்ல அதைப் படிச்சா அந்த மனுஷன் என்ன ஆவார்? அதை மட்டும் யோசிச்சுக்கோங்க."

லிஃப்ட்காரர் கையிலிருந்த திருப்புளி நழுவி, கூண்டின் கூரையில் விழுந்து, ஓரத்து இடைவெளி வழியாக அடிக்குழி வரை டங் டங்கென்று போய்ச் சேர்ந்தது. அவருக்கு அது கேட்கவில்லை. மகளின் விலா எலும்பு உள்ளே போய் வந்தது ஒரு கணம் கண்முன் வந்தது. ஆனால் உடனே அதை மூடிக்கொண்டு வேறொன்று பொங்கியது. தனக்கு இத்தனை வருஷம் சொல்லாததை இவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். பூக்கடைக்காரிக்குச் சொல்லியிருக்கிறாள். ரயில்காரருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர்களெல்லாம் யார்?

"இருந்தாலும் சொல்லணும்மா," என்றார் ரயில்காரர் மெதுவாக. "உங்க வீட்டுக்காரருக்கும் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்," என்றது லிஃப்ட் கதவு.

எல்லாத் தலைகளும் திரும்பின. தான் வாய்விட்டுப் பேசிவிட்டது அவருக்குப் புரிந்தபோது ஒளிந்துகொள்ள இடமில்லை. கதவுப் பூட்டின் கொக்கியைத் தூக்கி இரண்டு பக்கமும் தள்ளினார். தரை மட்டத்துக்கு மேலே இடுப்புவரை தெரிய, நெற்றியில் கிரீஸோடு நின்றார். எதிரே அவர் மனைவி கையில் தண்ணீர் டம்ளருடன் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், பேசிய வாய் மூடாமல் இருந்த ரயில்காரர் குள்ளமாக, வழுக்கையாக, பெரிய காதுகளோடு இருந்தார். அவ்வளவு கலவரத்திலும் லிஃப்ட்காரர் அதைக் கவனிக்கத் தவறவில்லை.

"நீங்க யாரு?" என்றார் டாக்டரம்மா.

"அவர்தான்," என்றாள் மனைவி.

குழுவில் ஒருவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்வது வெளியே போகக் கூடாது என்பது அங்கே முதல் விதி. டாக்டரம்மா கோபப்படவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை. கம்பெனிக்குத் தகவல் போயிற்று. லிஃப்ட்காரரை அந்தக் கட்டடத்துக்கு இனி அனுப்பக் கூடாது என்று முடிவானது. மொட்டை இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மனைவி, தன்னால் வந்த வினை என்று குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னாள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை வீட்டில் மகள் டீ போட்டு இருவர் முன்னாலும் வைத்துவிட்டு, "நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு கேட்டீங்க?" என்றாள் மனைவி.

"எல்லாம்."

டீயில் ஆடை படிந்தது. அவர் அதை விரலால் ஒதுக்கினார். "எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க உடைஞ்சு போயிருப்பீங்க."

"ரயில்காரர் உடைய மாட்டாரா?"

"அவர் அந்த வீட்டைப் பிடிக்கலையே," என்றாள் அவள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சுவரில் ஜன்னல் இல்லை. அவருக்கு அது குறையாகத் தெரியும் என்றுதான் அவள் ஒரு திரைச்சீலையை அங்கே தொங்கவிட்டு, பின்னால் ஜன்னல் இருப்பதுபோல் செய்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அது அவளுடைய அலங்கார ஆசை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"என்னாலதானா?" என்றார்.

"அப்படி யாரும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கு ஏன் வந்துச்சுன்னு இந்த ஆராய்ச்சி சொல்லாதாம். ஒரு தெருவுக்குத்தான் சொல்லுமாம். டாக்டரம்மாகிட்ட நான் மூணு தடவை கேட்டுட்டேன்."

"மூணு தடவையா?"

"உங்களுக்காகத்தான் கேட்டேன்."

மன்னிப்புக் கேட்க அவரே அடுத்த கூட்டத்துக்குப் போனார், இந்தமுறை படியேறி. கேட்டதை எங்கேயும் சொல்ல மாட்டேன் என்று எல்லோர் முன்னிலும் வாக்குக் கொடுத்தார். வெளியே வரும்போது ரயில்காரர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு என் பக்கம் பேச உங்க ஒருத்தரைத்தான் கண்டேன் தம்பி. குழியிலிருந்து பேசினாலும் சரியாப் பேசினீங்க."

"நான் உங்க பக்கம் பேசல," என்றார் லிஃப்ட்காரர். யோசித்துப் பார்த்தால் பேசித்தான் இருந்தார். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தானும் குழுவில் சேரலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் குழியிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தை குழுவைக் கொஞ்சம் அசைத்திருந்தது. சொல்லத்தான் வேண்டும், தபாலில் தூக்கிப் போடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். வீடு வீடாக எதுவும் போகாது. வரைபடத்திலும் தனி வீடு தெரியாது, பல தெருக்களைச் சேர்த்த பகுதிகள்தான் தெரியும். அந்தந்தப் பகுதியில் கூட்டம் போட்டு, கேள்வி கேட்கவும் திட்டவும் நேரம் கொடுத்து, முகம் பார்த்துச் சொல்வது.

லாரி சாலைக்கான கூட்டம் அங்கிருந்த பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. மனைவி மேடையில், குழுவினரோடு. லிஃப்ட்காரர் கீழே, நடு வரிசையில், மகளோடு. ரயில்காரர் மேடையில் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்பதை வந்ததும் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா வரைபடத்தைக் காட்டினார். சாலையை ஒட்டிய பகுதி அடர்ந்த நிறத்தில் இருந்தது. அங்கிருந்து பிள்ளைகள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வருவது மற்ற இடங்களைவிட அதிகம் என்றார். அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. லாரியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். எங்கள் வீட்டு விலை விழுந்துவிடும் என்றார் இன்னொருவர்.

பிறகு தோளில் தூங்கும் குழந்தையோடு ஓர் இளைஞன் எழுந்தான். "நான் அந்த மூலை வீட்ல, ரெண்டாவது மாடில இருக்கேன். அலைஞ்சு அலைஞ்சு பிடிச்ச வீடு. இவனுக்கு அடிக்கடி இழுக்குது. அப்ப நான்தான் இவனைக் கெடுத்துட்டேனா?"

டாக்டரம்மா, தனி ஒரு குழந்தையைப் பற்றி இதில் முடிவு சொல்ல முடியாது என்று ஆரம்பித்தார். அது சரியான பதில்தான். ஆனால் அந்த இளைஞனின் முகம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மேடையில் மனைவி பேச வாயெடுத்தாள். அதற்குள் லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை.

"தம்பி, அதே வீட்லதான் நான் இருந்தேன். ரெண்டு பக்கமும் ஜன்னல், பால்கனி. வீடு பார்க்கப் போறவன் வெளிச்சத்தைப் பார்ப்பான், காத்தைப் பார்ப்பான். எத்தனை லாரி போகுதுன்னு எவன் பார்ப்பான்? நீங்க நல்ல வீடுன்னுதான் பிடிச்சீங்க. நல்ல வீடுதான். லாரிதான் கெட்டது."

இளைஞன் அவரையே பார்த்தான்.

"என் பொண்ணு இதோ இருக்கா. இப்ப நல்லா இருக்கா. எனக்கு இந்த விஷயம் எல்லாம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. உங்க பையன் இன்னும் தோள்ல இருக்கான். உங்களுக்கு இப்பவே சொல்லிட்டாங்க." சட்டையை மகளின் கையிலிருந்து விடுவித்துக்கொண்டார். "உண்மையைச் சொன்னா, அதுல எனக்கு உங்க மேல கொஞ்சம் பொறாமைதான்."

யாரோ சிரித்தார்கள், கேலியாக அல்ல. இளைஞன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "பால்கனிக்கு இப்ப புதுக் கம்பி போட்டிருக்கேன் சார்," என்றான், என்ன சொல்வதென்று தெரியாமல். லிஃப்ட்காரருக்கு அதுவும் சுருக்கென்றது. அவர் காலத்தில் துருப்பிடித்த கம்பிதான்.

அந்தக் கூட்டத்தில் எழுந்த பேச்சு அத்தோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகளைச் சுற்றுச்சாலையில் திருப்பிவிட நகர அலுவலகம் பிறகு ஒத்துக்கொண்டது. மற்ற நேரங்களில் அவை ஓடத்தான் செய்தன. இளைஞன் வீடு மாற்றினானா இல்லையா என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்து, மகள் தோழியோடு போய்விட, கணவனும் மனைவியும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்.

"அங்க இன்னும் என்னென்ன சொல்லியிருக்க என்னைப் பத்தி?"

"உங்களைப் பத்தி வேற எதுவும் சொல்லல."

"உன்னைப் பத்தி?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஏதோ ஒரு மாடி வீட்டில் வெளிர் பச்சைத் திரை ஆடிக்கொண்டிருந்தது. "எனக்குச் சொந்தமா ஒரு சின்னக் கடை வைக்கணும்னு இருக்கு," என்றாள். "ரொம்ப நாளா."

அவர் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பினார். "இதை யார்கிட்டயெல்லாம் சொல்லியிருக்க?"

"இப்பத்தான் சொல்றேன்."

"ரயில்காரர்கிட்ட?"

"சொல்லல."

"பூக்கடைப் பொண்ணுகிட்ட?"

"யார்கிட்டயும் சொல்லலங்க. உங்ககிட்டதான் முதல்ல."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். கடை எந்தத் தெருவில், எவ்வளவு பெரிதாக, பலகையில் என்ன எழுதுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கி, சந்துக்குள் நடந்து, வீட்டுக் கதவுக்குச் சாவியைப் போடும்போது மறுபடியும் ஒருமுறை, ரயில்காரருக்கு நிஜமாகவே தெரியாதா என்று கேட்டார்.